ஜன்னல் வெட்டிய அட்டை

செகந்திராபாத் பக்கத்தில் உப்பலில் நான் முதன்முதலாக வேலை பார்த்த கம்பெனியில் கம்ப்யூட்டர்களையும் நெட்வொர்க்கையும் கவனித்துக்கொள்ள ஒரு அக்கா இருந்தார். அவர் பெயரை எழுதப்போவதில்லை. அடுத்தவர் விஷயத்தில் தவறிக்கூடக் கண்ணை வைக்காத மனுஷியைப் பெயர் சொல்லி நாலு பேர் முன்னால் நிறுத்துவது நியாயமாகப் படவில்லை. தமிழிலும் தெலுங்கிலும் அக்கா அக்காதான் என்பதால் கம்பெனி முழுக்க அவரை அப்படியே கூப்பிட்டது. அவரைவிட வயதில் மூத்த எம்.டி.கூட ஒருநாள் வாய் தவறி அக்கா என்று சொல்லிவிட்டு இருமி மழுப்பினார்.

அக்காவிடம் ஒரு அட்டை உண்டு. புடவைக் கடையில் கொடுக்கும் பெட்டியின் மூடியைப் பிரித்துச் செய்தது. நடுவில் ஒரு செவ்வக ஜன்னல் வெட்டியிருப்பார். அந்தக் காலத்து மானிட்டர்களுக்குப் பின்பக்கம் பெரிய வயிறு இருக்குமே, அதன் தலைமேல் அட்டையின் விளிம்பை மடித்து மாட்டினால் திரையை மறைத்துக்கொண்டு தொங்கும். யாருக்காவது மெயில் வரவில்லை, போகவில்லை என்றால் அக்கா இந்த அட்டையோடு வருவார். "செட்டிங்ஸ நீயே தொறந்து வையிம்மா" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். திறந்ததும் அட்டையை மாட்டுவார். ஜன்னல் வழியாக செட்டிங்ஸ் பெட்டி மட்டும் தெரியும். யார் யாருக்கு எழுதினார்கள், யார் பதில் போட்டார்கள் என்ற வரிசையெல்லாம் அட்டைக்குப் பின்னால் போய்விடும். சர்வர் பெயரைச் சரிபார்ப்பார், நம்பரை மாற்றுவார், எழுந்துவிடுவார்.

நான் சேர்ந்த புதிதில் இதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன். தென்காசிக்காரிக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"ஏன்க்கா, கண்ணாஸ்பத்திரி மாதிரி அட்டையெல்லாம் வச்சு மறைக்கிய? உங்களுக்குத் தெரியாத ரகசியம் எங்ககிட்ட என்ன இருக்கு?"

"இருக்கோ இல்லையோ, எனக்கு நக்கோ" என்றார். வேண்டாம் என்பதற்கு அவர் வாயில் வருவது நக்கோதான், ஆமாம் என்பதற்கு ஹவ். தாத்தா காலத்திலேயே ஆற்காட்டுப் பக்கமிருந்து வந்து செகந்திராபாத்தில் வேர் பிடித்த குடும்பம். அவர் தமிழில் ஒரு கை உருதும் ஒரு கை தெலுங்கும் எப்போதும் கலந்திருக்கும்.

கம்பெனியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். தண்ணீர் மோட்டார்களுக்கான கண்ட்ரோல் பேனல் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் சின்ன இடம். எம்.டி. தமிழர். பெரிய அரசாங்க எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் என் பெரியப்பாவோடு வேலை பார்த்துவிட்டு, முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு இதை ஆரம்பித்தவர். இருவருக்கும் வீடு ஏ.எஸ்.ராவ் நகரில். காலையில் நடக்கப் போவதும் ஒன்றாகத்தான். நான் பெரியப்பா வீட்டில் தங்கியிருந்தேன். அந்தச் சலுகையில்தான் வேலையே கிடைத்தது என்று எம்.டி. மாதம் ஒருமுறையாவது ஞாபகப்படுத்துவார்.

அவருக்கு வாஸ்துவில் அபார நம்பிக்கை. சர்வர் முதலில் ஈசான்ய மூலையில் ஒரு குளுகுளு அறையில் இருந்ததாம். சூடான வஸ்து ஈசான்யத்தில் இருந்தால் ஆர்டர் வராது, அக்னி மூலைக்குப் போக வேண்டும் என்று யாரோ ஒரு சாஸ்திரி சொல்லிவிட்டார். அக்னி மூலையில் டீ போடும் அறை இருந்தது. சர்வரும் கேபிள்களும் அக்காவும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். ஒரு பக்கம் ஸ்டவ், ஒரு பக்கம் சர்வர், நடுவில் அக்காவின் நாற்காலி. வேறு யாராவது என்றால் வேலையை உதறிவிட்டுப் போயிருப்பார்கள். அக்கா ஒரு டேபிள் ஃபேனைக் கேட்டு வாங்கி, அதைச் சர்வர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டீ அறை என்றால் வம்பும் அங்கேதானே வரும். யார் வேலை தேடுகிறார்கள், யாருக்குச் சம்பளம் ஏறியது, எல்லாம் அங்கே ஓடும். பேச்சு சூடு பிடித்ததும் அக்கா காதில் இயர்போனை மாட்டிக்கொள்வார். ஒருநாள் பார்த்தேன், அதன் மறுமுனை எதிலும் செருகியிருக்கவில்லை.

அக்கவுண்ட்ஸ்காரர் கதை ஒன்று இருக்கிறது. நெட்வொர்க்கில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் வீட்டு நம்பர் மாதிரி ஒரு நம்பர் உண்டு. ஒரே நம்பர் இரண்டுக்கு இருந்தால் இரண்டுமே தடுமாறும். ஒருநாள் பிரிண்டர் வேலை செய்யவில்லை. கொஞ்ச நேரம் ஓடும், பிறகு நின்றுவிடும். அக்கா ஒவ்வொரு மேஜையாகப் போனார். அக்கவுண்ட்ஸ்காரரிடம் குனிந்து தெலுங்கில் என்னவோ கேட்டார். அவர் முகம் சிவந்தது. அக்கா அட்டையை மாட்டி எதையோ மாற்றினார். பிரிண்டர் ஓடியது.

"என்னக்கா ஆச்சு?" என்று எல்லோரும் துளைத்தோம்.

"ஒரு வீட்டு நம்பர்ல ரெண்டு குடும்பம் இருந்துச்சு. இப்ப தனித்தனியா ஆயிட்டாங்க" என்றார். அவ்வளவுதான். உண்மையை வெகுநாள் கழித்து அக்கவுண்ட்ஸ்காரரே சொன்னார். தன் கம்ப்யூட்டர் நம்பர் எட்டில் முடிவதால்தான் பெண்ணுக்கு வரன் தட்டிப்போகிறது என்று யாரோ எண் பார்த்துச் சொல்ல, மனிதர் யாருக்கும் தெரியாமல் அதை ஒன்பதாக மாற்றியிருக்கிறார். ஒன்பது பிரிண்டருடையது. அக்கா அவரைத் திட்டவில்லை, திரும்ப எட்டும் ஆக்கவில்லை. நாற்பத்தைந்து கொடுத்திருக்கிறார். கூட்டினால் ஒன்பது வருகிறதே. அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமும் ஆனது, அது வேறு விஷயம்.

இப்படி ஒருவர் ஏன் ஆனார் என்று எனக்கு அரிப்பு. ஒரு மழை நாளில், பஸ் வராமல் இருவரும் கேட்டருகே நின்றபோது கேட்டே விட்டேன். அவர் குடையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். முன்பு அமீர்பேட்டையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தாராம். ஐ.டி. வேலைகள் சரிந்த வருடம். மேலாளரின் மெயிலைச் சரிசெய்ய உட்கார்ந்தபோது, வேலையைவிட்டு அனுப்பப்போகிறவர்களின் பெயர்கள் கண்ணில் பட்டுவிட்டன. அதில் அவருடைய சிநேகிதியும் ஒருத்தி.

"சொல்லவும் முடியல. சொல்லாம இருக்கவும் முடியல. தினம் என்கூட உக்காந்து சாப்புடும். லோன் போட்டு ஃப்ளாட் வாங்கலாமான்னு கேக்கும். நான் தலையத் தலைய ஆட்டினேன். அப்புறம் விஷயம் வந்த அன்னிக்கு, 'உனக்கு முன்னாடியே தெரியுமா'ன்னு கேட்டுச்சு. ஹவ், தெரியும்னேன். அதோட பேச்சு நின்னு போச்சு." பஸ் வந்தது. "தெரிஞ்சுக்கிட்டு சும்மா இருக்கறது மாதிரி பாவம் இல்லம்மா. அதுக்குத் தெரியாமலே இருந்துடலாம்."

அன்று எனக்கு அது கோழைத்தனம் மாதிரிதான் பட்டது. தெரிந்ததைச் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று நினைத்தேன். பஸ்ஸில் அதைச் சொல்லவும் செய்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டார்.

இனி என் கதைக்கு வரவேண்டும். தார்நாகாவில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் ஜெரால்டு என்று ஒருவர் இருந்தார். தூத்துக்குடிக்காரர். பஸ் ஸ்டாப்பில் பழக்கமாகி, பழக்கம் முற்றி, கல்யாணம் வரைக்கும் பேச்சு வந்திருந்தது. எங்கள் வீட்டில் வேறு மதம் என்ற வார்த்தையைக் கேட்டாலே அப்பாவுக்கு இரத்தக் கொதிப்பு ஏறும். பெரியப்பா வீட்டு போனில் பேச முடியாது, செல்போனில் பேசினால் பெரியம்மா பில்லைப் பார்ப்பார். எனவே எல்லாம் கம்பெனியில் என் பெயருக்கென்று இருந்த மெயிலில்தான். பெரிய காதல் காவியம் ஒன்றும் இல்லை. மத்தியானம் என்ன சாப்பாடு, ஏன் நேற்று அப்படி முறைத்தாய், வீட்டில் எப்போது சொல்வது, இவ்வளவுதான். ஆனால் நூற்றுக்கணக்கில் இருந்தன.

அப்போதுதான் விற்பனைப் பிரிவுக்கு வரும் மெயில்கள் காணாமல் போக ஆரம்பித்தன. வெளிநாட்டிலிருந்து விலை கேட்டு வரும் கடிதங்களைப் பார்த்துப் பதில் போடுவது என் வேலை. பகலில் வருவதெல்லாம் ஒழுங்காக வந்தன. இரவில் வர வேண்டியவை வரவில்லை. வராத மெயில் வரவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? துபாயிலிருந்து ஒரு பழைய வாடிக்கையாளர் எம்.டி.க்கு போன் செய்து, மூன்று தடவை எழுதியும் பதில் இல்லை, சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு ஆர்டரைக் கொடுத்துவிட்டேன் என்றபோதுதான் தெரிந்தது.

எம்.டி. என்னையும் அக்காவையும் அறைக்குக் கூப்பிட்டார். என்னை உட்காரச் சொல்லவில்லை.

"மெயிலுக்குக் கால் முளைச்சுப் போகாது. யாரோ எடுத்து வேற இடத்துக்கு அனுப்பறாங்க" என்றார். பிறகு அக்காவிடம், "இவ மெயில் பெட்டியை முழுசாத் திற. யார் யாருக்கு என்ன அனுப்பியிருக்கான்னு எனக்கு பிரிண்ட் வேணும்."

திறந்தால் சென்னைக் கம்பெனிக்கு ஒரு வரிகூட அனுப்பவில்லை என்று தெளிவாகிவிடும். கூடவே தார்நாகாவும் தெளிவாகிவிடும். மறுநாள் காலை நடையில் பெரியப்பாவுக்குத் தெரியும், சாயங்காலம் தென்காசிக்குத் தெரியும், அந்த வாரமே என்னை ரயிலேற்றிவிடுவார்கள்.

"அதை நான் செய்ய மாட்டேன் சார்" என்றார் அக்கா.

"கம்ப்யூட்டர் கம்பெனியோடதும்மா."

"ஹவ் சார், கம்பெனியோடதுதான். மெயில் எங்க போகுதுன்னு பாக்கறது என் வேலை. மெயில்ல என்ன இருக்குன்னு பாக்கறது என் வேலை இல்ல."

"அப்போ உனக்கு எதுக்குச் சம்பளம்?"

எம்.டி. கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார். "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் டைம். கண்டுபிடிக்கலேன்னா வெளியேர்ந்து ஆள் வரும், திறக்கும். அதுக்கப்புறம் நீயும் இங்க வரவேண்டாம். அதுவரைக்கும் இவ கம்ப்யூட்டரை யாரும் தொடக்கூடாது." அவரே வந்து என் கம்ப்யூட்டரை அணைத்து, கேபிளையும் பிடுங்கிப் போட்டார். இனி எதையும் அழிக்கக்கூட வழியில்லை.

டீ அறைக்கு அக்காவின் பின்னாலேயே போனேன். "அக்கா, நான் ஒண்ணு சொல்லணும். அந்த மெயில்ல..."

"நக்கோ. சொல்லாதே."

"இல்லக்கா, நீங்க தெரிஞ்சுக்கிடணும். நீங்க எனக்காகப் பேசுதீய. விஷயம் தெரியாம..."

"சொல்லாதேன்னு சொன்னேன்ல." அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்று ஒருநாள்தான். "நீ சொல்லிட்டா நாளைக்கு அவர் என்னைக் கேப்பார். எனக்குப் பொய் சொல்ல வராது. போய் முகத்தைக் கழுவு. கைக்கு அழறே? எதுக்கு அழறே?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஒரு பெண் நெஞ்சு வெடிக்க நிற்கிறாள், காதைக் கொடுத்துக் கேட்டால் என்ன குறைந்துவிடும்? இந்த அம்மாளுக்குத் தன் சுத்தம்தான் பெரிது என்று மனதுக்குள் வைதேன். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்காரவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கே அக்கா வந்திருந்தார். எனக்குத் தூக்கம் இல்லாததால் நானும் வந்துவிட்டேன். அவர் முன்னால் கறுப்புத் திரை, அதில் வெள்ளை எழுத்து. சர்வரிடம் எதையோ தட்டிக் கேட்கிறார், சர்வர் ஒரு வரி பதில் சொல்கிறது. "இதுல பெட்டியில எத்தனை மெயில் இருக்குன்னு மட்டும் தெரியும். யாரோடது, என்னதுன்னு தெரியாது. எனக்கு இது ரொம்பப் பிடிக்கும்" என்றார், ஏதோ பலகாரத்தைப் பற்றிச் சொல்வதுபோல.

விற்பனைப் பெட்டியில் பதினொன்று என்றது சர்வர். ராத்திரி வந்து சேர்ந்தவை. என் கம்ப்யூட்டர் செத்துக் கிடக்கிறது, கேபிள் தரையில். அக்கா ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் கேட்டார். பதினொன்று. பதினொன்று. டீ போடுகிறவர் வந்து ஸ்டவ்வைப் பற்றவைத்தார். பதினொன்று. எட்டரை தாண்டி மறுபடி கேட்டார்.

சைபர் என்றது.

அக்கா திரையையே பார்த்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ எடுக்கல" என்றார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. அந்தப் பெட்டியின் பாஸ்வேர்ட் வேறு எங்கே இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தார். யோசித்து முடித்ததும் மெதுவாக எழுந்து, மேஜைமேல் கிடந்த அட்டையை எடுத்து, அந்த ஜன்னலை விரலால் அளந்து பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

போனை எடுத்தார். "மாமி, நான்தான். இப்ப வீட்ல கம்ப்யூட்டர் போட்டீங்களா?"

எம்.டி.யின் மனைவி பேசியது எனக்கும் கேட்டது. "இப்பதாம்மா போட்டேன். பொண்ணு அமெரிக்காலேர்ந்து தினம் எழுதுவாளோன்னோ, அதைப் பாத்துட்டுத்தான் எனக்கு அடுத்த வேலை. ஏன், கெட்டுப்போச்சா?"

நடந்தது இதுதான். விற்பனை மெயில்களை வீட்டிலிருந்தும் பார்க்க வேண்டும் என்று எம்.டி. இரண்டு மாதம் முன்பு ஆசைப்பட்டார். அக்கா அவர் வீட்டுக்குப் போய் அமைத்துக் கொடுத்தார். மகளின் மெயில் தனியாக, விற்பனை மெயில் தனி ஃபோல்டரில். எம்.டி. அந்த ஃபோல்டரை ஒருநாளும் திறக்கவில்லை. ஒரே பெட்டியை இரண்டு கம்ப்யூட்டர் பார்க்கும்போது, எடுத்த பிறகும் சர்வரில் ஒரு பிரதியை விட்டுவை என்று ஒரு டிக் போட வேண்டும். அந்த வரி செட்டிங்ஸ் பெட்டியின் அடியில் இருக்கும். எம்.டி.க்குக் கண் மங்கல் என்பதால் வீட்டுத் திரையில் எல்லாமே பெரிது பெரிதாகத் தெரியும்படி வைத்திருந்தார்கள். அமெரிக்காவிலிருந்து மகள் எழுதியதைப் பார்த்துவிடக் கூடாது என்று அக்கா அங்கேயும் அட்டையை மாட்டியிருக்கிறார். ஆபீஸ் திரைக்கு வெட்டிய ஜன்னல் அங்கே போதவில்லை. கடைசி வரி அட்டைக்குப் பின்னால் போய்விட்டது. டிக் விழவில்லை. மாமி தினமும் காலையில் மகளின் மெயிலைப் பார்க்க, இரவில் வந்த விற்பனை மெயில்கள் முழுவதும் அந்த வீட்டுக்குள் போய் அடைந்துகொண்டிருந்தன.

சொல்லாமலே சரிசெய்திருக்கலாம். சர்வர் கோளாறு என்றால் எம்.டி. நம்பியிருப்பார், அவருக்கு அதில் ஒன்றும் தெரியாது. அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு, கையில் அட்டையோடு அவர் அறைக்குப் போனார்.

"மெயிலெல்லாம் உங்க வீட்லதான் இருக்கு சார். தப்பு என்னோடது. இந்த அட்டை மறைச்சிருச்சு."

எம்.டி.க்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் ஒரு கத்து கத்தினார் பாருங்கள், டீ அறைவரை கேட்டது. "ஒரு ஆர்டரே போச்சு உன் அட்டையால. முதல்ல அதைக் குப்பையில போடு."

"ஹவ் சார்" என்றார் அக்கா.

வேலையை விட்டு அனுப்பவில்லை. வீட்டு ஃபோல்டரில் இருந்த மெயில்களுக்கெல்லாம் அன்று நான் உட்கார்ந்து பதில் போட்டேன். சில ஆர்டர்கள் திரும்பக் கிடைத்தன, துபாய்க்காரர் வரவில்லை. எம்.டி. என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. சாயங்காலம் என் மேஜைப் பக்கம் வந்து, "பெரியப்பாவுக்கு முட்டி வலி தேவலையா?" என்று விசாரித்தார். என் மெயில் பெட்டியைப் பற்றி அதன் பிறகு பேச்சே எழவில்லை. அக்கா அட்டையைக் குப்பையில் போடவில்லை. ஜன்னலை இன்னும் ஒரு விரற்கடை கீழே நீட்டி வெட்டிக்கொண்டார்.

நான்தான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். அக்காவுக்கு எல்லாம் தெரியும். எல்லார் பாஸ்வேர்டும் அவரிடம்தானே இருக்கிறது. என்றோ ஒருநாள் ஒரு வரியாவது கண்ணில் பட்டிருக்கும். அதனால்தான் என்னைச் சொல்லவிடாமல் தடுத்தார், அதனால்தான் எனக்காக நின்றார். அப்படி நினைப்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. டீ அறையில் அவரைப் பார்த்துப் புன்னகைக்கும்போதெல்லாம், நமக்குள் ஒன்று இருக்கிறதே என்கிற புன்னகையாகத்தான் செய்வேன். அவரும் புன்னகைப்பார்.

ஒரு வருடத்தில் எங்கள் வீட்டில் நானே சொல்லிவிட்டேன். அப்பா பேசுவதை நிறுத்தினார். அம்மா அழுதுவிட்டு ஒத்துக்கொண்டார். பெரியப்பாதான், ஆச்சரியம், பதிவு அலுவலகத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட வருவதாகச் சொன்னார். அதற்குள் கம்பெனியில் டீ போடுகிறவர் வரைக்கும் விஷயம் தெரிந்துபோயிருந்தது. தார்நாகா பஸ் ஸ்டாப்பில் எங்களை அக்கவுண்ட்ஸ்காரர் பார்த்ததே அதற்கு மாதங்கள் முன்னால். அவர் சும்மா இருப்பவரா?

அழைப்பிதழ் என்று ஒன்றும் அடிக்கவில்லை. மேஜை மேஜையாகப் போய் வாயால் அழைத்தேன். எல்லோரும் கண்ணடித்தார்கள், "தெரியும் தெரியும்" என்றார்கள். கடைசியில் டீ அறைக்கு வந்தேன். அக்கா ஒரு கேபிள் முனையை இடுக்கியால் அழுத்திக்கொண்டிருந்தார்.

"அக்கா, வர்ற வெள்ளிக்கிழமை எனக்குக் கல்யாணம்" என்றேன், அந்தப் பழைய புன்னகையோடு.

அவர் இடுக்கியைக் கீழே வைத்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார்.

"அரே, சொல்லவே இல்லையே. மாப்பிள்ளை யாரு? ஊர்ல பாத்து வச்சாங்களா?"

விளையாடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. கம்பெனி முழுக்கத் தெரிந்த ஒரு விஷயம், எல்லார் பெட்டிக்கும் சாவி வைத்திருந்த இந்த ஒருத்திக்குத்தான் தெரியாது. என்னவென்றே தெரியாத ஒன்றுக்காகத்தான் அன்று வேலையைப் பணயம் வைத்து நின்றிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இல்லக்கா. நானே பாத்தது. பேரு ஜெரால்டு."

"ஹவ்?" என்றார். மானிட்டரை அணைத்தார். ஸ்டவ் பக்கம் கிடந்த இன்னொரு நாற்காலியை இழுத்துத் தன் நாற்காலிக்கு எதிரே போட்டார்.

"உக்காரு. இப்ப சொல்லு. முதல்லேருந்து சொல்லு."